நாக்கில் படாத கண்ணாடி

நாக்கு எப்படி இருக்குக்கா என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம் நாக்கை ஒருமுறை மேலண்ணத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன், உண்மையிலேயே அங்கே ஒரு காயம் இருக்கிற மாதிரி. இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான். பரவாயில்லம்மா, காரம் பட்டா மட்டும் லேசா எரியுது என்றேன். சொல்லும்போது எரிந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம். சொன்ன உடனே நாக்கின் வலது ஓரத்தில் ஒரு இடம் சுருக்கென்றது. நல்ல பிள்ளை மாதிரி உடம்பு நான் சொன்னதைக் கேட்கிறது. அப்புறம்தான் அவள் சொன்னாள்: "துறையூர்ல பஸ் ஏறிட்டேன்க்கா. உங்கள நேர்ல பாத்து மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்தக் கண்ணாடிய மட்டும் பத்திரமா வச்சிருங்க, நான் பாக்கணும்." பின்னால் கண்டக்டர் விசில் கேட்டது. முகவரியை நான்தான் கொடுத்திருந்தேன், இரண்டு நாளைக்கு முன்னால், பாலக்கரை மாதா கோவிலுக்குப் பின் தெரு, மாடி என்று அடையாளத்தோடு. பார்சல் அனுப்பத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்பதரை. துறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி. பதினொரு மணிக்கு என் கதவைத் தட்டிவிடுவாள். எந்தக் கண்ணாடியைக் காட்டுவேன்? கண்ணாடியே கிடையாது. அவள் அரைத்து விற்கிற சத்துமாவு நன்றாகத்தான் இருந்தது. இன்று காலையில்கூட அதே பாக்கெட்டிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன், ஏலக்காய் வாசனையோடு.

பூங்கோதை என்பது அவள் பெயர். பாக்கெட்டின் மேலும் அதே பெயர்தான், பூங்கோதை சத்துமாவு, பளபளவென்று, கோடு கோடாகக் கடையில் ஸ்கேன் செய்கிற அடையாளத்தோடு. அதைப் பார்த்துப் பெரிய கம்பெனி என்று நினைத்துவிட்டேன். சத்தியமாக நினைத்தேன். வாடிக்கையாளர் சேவை என்று போட்டிருந்த எண்ணை அழுத்தியபோது, வழக்கம்போல ஒரு பாட்டு வரும், ஆங்கிலத்துக்கு ஒன்று தமிழுக்கு இரண்டு என்பார்கள், அப்புறம் ஒரு பெண் தூக்கக்கலக்கத்தில் வணக்கம் மேடம் என்பாள், என்றுதான் காத்திருந்தேன். ஆனால் வந்தது மெஷின் சத்தம். "அலோ, யாருங்க, மில்லுல இருக்கேன், சத்தமாப் பேசுங்க!" அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். தப்பான நம்பர் என்று சொல்லியிருக்கலாம். விரல்கூட அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது. ஆனால் வாய் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. உங்க மாவுல கண்ணாடித் துண்டு இருந்துச்சு என்றேன். மெஷின் நின்றது. யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அவள் கேட்டாள்: "அய்யய்யோ, உங்களுக்கு ஒன்னும் ஆகலையேக்கா? வாயில படலையே?" இத்தனை வருஷத்தில், இத்தனை கம்பெனியில், யாரும் என்னைப் பற்றிக் கேட்டதில்லை. பேட்ச் நம்பர் கேட்பார்கள், பில் இருக்கிறதா என்பார்கள், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். இவள் வாயில் பட்டதா என்று கேட்டாள். படவில்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் குரல் அங்கேயே முடிந்திருக்கும். நாக்குல லேசா என்றேன். அதற்கப்புறம் நாலு நாளாகக் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருமுறை அவளிடமிருந்து போன். மோர் குடிச்சீங்களாக்கா, நெய் தடவுங்கக்கா, சூடா எதையும் சாப்பிடாதீங்கக்கா. நான் மோர் குடித்தேன். நெய் தடவினேன். இல்லாத காயத்துக்கு.

இது முதல் தடவை இல்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் ஒன்றும் கஷ்டமில்லை. முதல் தடவை உண்மையாகவே நடந்தது, அதுதான் எப்போதும் எனக்கு ஆறுதல். ரிட்டயரான அடுத்த வருஷம் ஒரு காபித்தூளில் பூசணவாடை அடித்தது. கடிதம் எழுதினேன், ஒரு பக்கம், அழகான கையெழுத்தில், கோபமே இல்லாமல். ஒரு வாரத்தில் ஒருவர் போன் பண்ணினார், மேனேஜர் என்றார், அம்மா மன்னிச்சுக்குங்க என்றார், பதினைந்து நிமிஷம் பேசினார், எப்படிக் காபி போடுவீங்க என்றுகூடக் கேட்டார். அந்த மாதம் முழுக்க வேறு யாரும் எனக்குப் போன் பண்ணவில்லை என்பது அப்புறம் யோசித்தபோதுதான் தெரிந்தது. பிறகு பெரிய அட்டைப்பெட்டியில் காபித்தூள் வந்தது. அடுத்தது பாதி உண்மை. சோப்பு விரிசல் விட்டிருந்தது, ஆனால் நான்தான் வெயிலில் வைத்திருந்தேன். அடுத்தது கால் உண்மை. அப்புறம் உண்மை எங்கே நின்றது என்று எனக்கே ஞாபகமில்லை. பிஸ்கட், குடை, போர்வை, பிரஷர் குக்கர் மூடி. பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, பாதி பிரிக்காமலே. எனக்கு அவை வேண்டாம். வேண்டாம் என்றால் ஏன் வாங்கினாய் ஜெசிந்தா? அவர்களாக அனுப்பினார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை, நுகர்வோர் கோர்ட் என்று மிரட்டியதில்லை, அதெல்லாம் வேண்டாங்க என்று இரண்டு தடவை சொல்வேன், மூன்றாவது தடவைதான் சரி என்பேன். இதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு பெட்டி எம்மாத்திரம், விளம்பரத்தில் கொட்டுவதில் தூசி. கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொன்னதில்லை. சொல்லலாமா என்று முழங்காலில் நிற்கும்போது நினைப்பேன், எந்தக் கட்டளையில் சேர்ப்பது என்று குழம்பும். ஏழாவதா, களவு? எட்டாவதா, பொய்ச்சாட்சி? களவு என்றால் நான் எடுக்கவில்லை, கொடுத்தார்கள். பொய்ச்சாட்சி என்றால் பிறனுக்கு விரோதமாக என்றல்லவா இருக்கிறது, அங்கே பிறன் யார்? கம்பெனிக்கு முகமிருக்கிறதா? அதற்குள் சாமியார் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவார். பொறுமை இல்லாமல் போனேன் சாமி, பூசைக்கு ஒருநாள் வரவில்லை சாமி, என்று வழக்கமானதைச் சொல்லிவிட்டு எழுந்து வருவேன்.

பத்து மணி. பஸ் புலிவலம் தாண்டியிருக்கும். எனக்குப் புகார் புதிதில்லை. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் ஆபீசில் புகார் எடுத்தவள் நான். காதில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர். லைன் இரையுது, லைன் செத்துப்போச்சு, கிராஸ் டாக் வருது. பொய் சொல்கிறவர்களை மூன்றாவது வார்த்தையில் கண்டுபிடித்துவிடுவேன், குரல் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், தேவையில்லாத விவரம் சொல்வார்கள். தில்லைநகரிலிருந்து ஒரு பெரியவர் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவார். என் போன்ல மணி அடிக்கவே மாட்டேங்குதும்மா என்பார். எந்த நம்பர் என்றால், தான் பேசிக்கொண்டிருக்கிற அதே நம்பரைச் சொல்வார். பக்கத்து சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வைங்க சார், டெஸ்ட் பண்றேன் என்பேன். வைப்பார். நான் கூப்பிடுவேன். இரண்டு மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பார். அடிக்குதா சார்? அடிக்குதும்மா, இப்ப நல்லா அடிக்குது. லைனில் ஒன்றுமில்லை, கூப்பிடத்தான் ஆளில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். ஆனால் அவருடைய பொய்யால் யார் வாயிலும் மண் விழவில்லையே. லைன்மேனைக்கூட நான் அனுப்பவில்லை. என்னுடையதில்? என்னுடையதிலும் யாருக்கும் ஒன்றுமில்லை, ஒரு பாக்கெட் மாவுதானே என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுச் சாயங்காலம் பூங்கோதை கேட்டாள், கண்ணாடி என்ன கலருக்கா என்று. ஏன் அந்தக் கேள்வி என்று யோசிக்கவேயில்லை. பச்சை என்றேன். வாயில் அதுதான் வந்தது. அப்புறம் சரிக்கா என்றாள், வேறொரு குரலில்.

பச்சைக் கண்ணாடி. வீடு முழுக்கத் தேடினேன். தனியாள் வீட்டில் கண்ணாடி எவ்வளவு இருக்கும்? மூக்குக்கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, ஊறுகாய் பாட்டில், இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடி. எல்லாம் நிறமில்லாதது. நிறத்தை மாற்றிச் சொல்லலாமா, கண் சரியாத் தெரியலம்மா என்று? தொலைந்துபோச்சு என்று சொல்லலாமா? கதவைப் பூட்டிக்கொண்டு கோவிலில் போய் உட்கார்ந்துவிடலாமா? அவள் வந்து தட்டுவாள், கீழ்வீட்டில் கேட்பாள், கீழ்வீட்டு சகாயம் சார் இப்பத்தானே மேல நடமாடற சத்தம் கேட்டுச்சு என்பார். அவளுக்குச் சந்தேகம் வந்தால்? போலீசில் சொன்னால்? அட்டைப்பெட்டிகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டால்? பென்ஷன் வாங்குகிறவள் மேல் கேஸ் வந்தால் பென்ஷன் நிற்குமா? இப்படி நினைத்துக்கொண்டே அலமாரியின் மேல்தட்டைத் திறந்தபோது அது இருந்தது. ரிட்டயர்மெண்டுக்கு ஆபீசில் சேர்ந்து கொடுத்த ஐஸ்கிரீம் கிண்ணங்கள், ஆறு, இளம்பச்சை. வைக்கோலுக்குப் பதில் காகிதத் துணுக்குகளுக்கு நடுவில் அப்படியே இருந்தன. ஆறு பேர் ஒரே நேரத்தில் இந்த வீட்டில் உட்கார்ந்ததேயில்லை. ஒன்றை எடுத்துப் பழைய துண்டில் சுற்றி, இஞ்சி இடிக்கிற குழவியால் தட்டினேன். உடையவில்லை. அது உடையாமல் இருந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கிப் போட்டேன். துண்டைப் பிரித்து, அரிசி அளவுக்கு ஒரு துணுக்கை எடுத்து, சத்துமாவில் ஒருமுறை புரட்டி, வெள்ளைக் காகிதத்தில் மடித்துவைத்தேன். மடிக்கும்போது விரல் நுனியில் கீறியது. ஒரு பொட்டு ரத்தம். அதை வாயில் வைத்துக்கொண்டு நின்றபோது கதவு தட்டப்பட்டது. பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

நான் நினைத்திருந்த ஆள் இல்லை. குரலுக்கு நான் ஒரு உடம்பு கொடுத்துவைத்திருந்தேன், பருமனாக, சிரித்த முகமாக. வந்து நின்றவள் ஒல்லி, நாற்பத்தைந்து இருக்கும், முழங்கை வரைக்கும் மாவின் வெண்மை கழுவியும் போகாமல் ஒட்டியிருந்தது. ஒரு கையில் சாத்துக்குடி, இன்னொரு கையில் துணிப்பை. "நீங்கதானேக்கா?" என்றாள். உள்ளே வந்து, உட்கார் என்று நான் சொல்லியும் உட்காராமல், தண்ணீரை நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். பழத்தை மேஜையில் வைத்தாள்.

"காட்டுங்கக்கா" என்றாள்.

காகிதத்தைப் பிரித்தேன். அவள் துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு பச்சை வளையலை எடுத்தாள். முழு வளையல், மெல்லியது, அடர்ந்த பச்சை. என் துணுக்கின் பக்கத்தில் அதை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது என்ன என்றேன்.

"சுகன்யான்னு ஒரு பொண்ணுக்கா, எங்கிட்ட மாவு சலிக்கிறா. ஏழு மாசம். போன வாரந்தான் வளைகாப்பு. கண்ணாடி வளையலோட மில்லுக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டவளே நான்தான். ஆனா இதக் கழட்டுடீன்னு எப்படிக்கா சொல்றது, பேசாம விட்டுட்டேன். நேத்து நீங்க பச்சைன்னீங்களா, அவள நிக்கவச்சு எண்ணினேன். ஒரு கைக்கு இருபத்தொன்னு போட்டாங்க. இடது கையில பத்தொன்பதுதான் இருந்துச்சு. ரெண்டு எங்கடீன்னா, தெரியலக்கா, வீட்டுல எங்கயோ ஒடஞ்சிருக்கும்கிறா. எல்லார் முன்னாடியும் கழட்டச் சொல்லிட்டேன். இனிமே வராதேன்னுட்டேன்." அவள் நிறுத்தினாள். "புள்ளத்தாச்சி. வெறுங்கையோட வீட்டுக்குப் போனா."

சமையலறைக் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. போய் மூட வேண்டும் என்று நினைத்தேன். அவள் துணுக்கை நகத்தால் புரட்டினாள், வெளிச்சத்துக்குத் தூக்கினாள், திடீரென்று முகம் மாறியது. "அக்கா, இது வளையல் இல்லக்கா! பாருங்க, இது தடியா இருக்கு. வெளிறின பச்சை. இது அவளோடது இல்ல!" எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். அந்தக் கணத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் ஒன்றும் சொல்லவே வேண்டாம், அந்தப் பெண் தப்பித்துவிட்டாள், மாதாவே உனக்கு ஸ்தோத்திரம், கிண்ணம் நல்ல கிண்ணம், தடியான கிண்ணம். ஆனால் அந்தச் சந்தோஷம் அவள் முகத்தில் தங்கவில்லை. "அப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்றாள், தனக்குத்தானே. ட்யூப்லைட்டா, இல்லை, பச்சையாக இருக்கிறது. தானிய மூட்டையிலேயே வந்திருக்குமோ. சல்லடை கிழிந்திருக்குமோ. "மில்ல மூடிரணும்க்கா. எங்கேருந்துன்னு தெரியறவரைக்கும் அரைக்கக் கூடாது. ஏற்கெனவே கடைகள்லேருந்து எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டேன். பச்சக் குழந்தைங்க குடிக்கிற மாவு. உங்களுக்காச்சும் விவரம் தெரியும், துப்பிட்டீங்க. குழந்தைக்குத் துப்பத் தெரியுமா?" அப்புறம், ஏதோ ஞாபகம் வந்தவள்போல, "நாக்கக் காட்டுங்கக்கா" என்றாள்.

வேண்டாம்மா என்றேன். ஆறிப்போச்சு என்றேன். காட்டுங்க, நான் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி என்று போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள். என் தாடையைப் பிடித்து லேசாக நிமிர்த்தினாள். விரல்களில் வறுத்த கம்பின் வாசனை. என் முகத்தை யாரும் தொட்டு எவ்வளவு காலமிருக்கும் என்று கணக்குப் போட முடியவில்லை, பல் டாக்டர் கையுறை போட்டிருந்தார், அது சேராது. வாயைத் திறந்தேன். நாக்கை நீட்டினேன். அறுபத்துமூன்று வயதில், பட்டப்பகலில், என் வீட்டு நடுக்கூடத்தில், யாரென்றே தெரியாத ஒருத்திக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் இந்த ஓரம், அந்த ஓரம், அடியில், எல்லாம் பார்த்தாள். இவ்வளவு கவனமாக ஒருத்தி பார்த்தால் காயம் இருந்தாலும் வெட்கப்பட்டு ஆறிவிடும். "தழும்பே இல்லக்கா" என்றாள். "சுத்தமா ஆறிருச்சு." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்கவும் செய்தாள். நான் வாயை மூடினேன். மூடின வாய்க்குள் நாக்கு எங்கே இருப்பது என்று தெரியாமல் தவித்தது.

"ஒன்னும் படல" என்றேன்.

"ஆமாக்கா, அடையாளமே தெரியல."

"இல்லம்மா. எதுவுமே படல. மாவுல கண்ணாடியே இல்ல. இது என் கிண்ணம். காலையில நான்தான் ஒடச்சேன்."

போனின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அது என் மார்பில் ஒரு வட்டம் போட்டது. அவள் அதை அணைக்க மறந்துவிட்டாள். சமையலறைக்குப் போய் உடைந்த கிண்ணத்தைத் துண்டோடு எடுத்துவந்து காட்டினேன், ஏதோ பரீட்சையில் சரியான விடை காட்டுகிறவள் மாதிரி. அவள் அதைப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா என்று அப்போதும் சொன்னாள், பழக்கத்தில் வந்திருக்கும். எத்தனையோ பதில் யோசித்துவைத்திருந்தேன், கம்பெனி, விளம்பரம், தூசி. "நீ தினமும் போன் பண்ணின" என்றேன். "நல்லா விசாரிச்ச. அதான்." சொல்லி முடிப்பதற்குள்ளேயே முகம் எரிந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், வந்ததிலிருந்து முதல் முறையாக. "நான் பயந்துபோய்ப் பண்ணினேன்" என்றாள், கோபமில்லாமல், களைத்துப்போய். "நீங்க படிச்சவங்க, கேஸ் போட்டுருவீங்களோ, பேப்பர்ல போட்டுருவீங்களோன்னு. ஒவ்வொரு தடவையும் கை நடுங்கிக்கிட்டேதான் உங்க நம்பரைப் போட்டேன். நீங்க நல்லாப் பேசினா அன்னைக்குத் தூங்குவேன்." மோர் குடிச்சீங்களாக்கா. நெய் தடவுங்கக்கா. ஒவ்வொன்றாக ஞாபகத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த நடுக்கம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் குரலை மட்டுமே கேட்டுப் பிழைத்தவள், எனக்கு அது கேட்கவேயில்லை. கேட்க வேண்டாம் என்று காது முடிவு செய்திருக்கிறது. அவள் சுகன்யாவுக்குப் போன் போட்டாள். மாமியார் எடுத்தாள். பேச முடியாது, அழுதுகிட்டுக் கெடக்கா, பிரசவத்துக்கு முன்னாடி கழட்டவச்சுட்டீங்களே, ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா வருவீங்க என்று அந்தக் குரல் எனக்கே கேட்டது. பூங்கோதை வைத்துவிட்டாள். வளையலைப் பைக்குள் போட்டாள். "செருப்பப் போடுங்க" என்றாள். "நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க, சமாதானம் பண்ண வந்திருக்கேன்னு நெனைப்பாங்க. நீங்களே வந்து சொல்லுங்க." வர முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எனக்காக வீட்டில் காத்திருக்கிற எதுவும் இல்லை.

சத்திரத்தில் தனியார் பஸ். இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் நான். காவிரி போனது, கொள்ளிடம் போனது, டோல்கேட்டில் வேர்க்கடலை விற்றார்கள். நான் இரண்டு தடவை தொண்டையைச் சரிசெய்தேன். வெயில் அவள் முகத்தில் அடித்தது, இந்தப் பக்கம் மாறி உட்காரட்டுமா என்று கேட்க நினைத்து, எந்த உரிமையில் என்று விட்டுவிட்டேன். மண்ணச்சநல்லூர் தாண்டிக் கண்டக்டர் வந்தார். "துறையூர் ரெண்டா?" என்றார் எங்களைச் சேர்த்துப் பார்த்து. ஒரு கணம் எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. "எனக்கு ஒன்னு" என்றாள் பூங்கோதை, ஜன்னலைப் பார்த்தபடியே. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் பர்ஸைத் திறந்தேன். வெளியே வாழைத்தோப்புகள் ஓடின. என்ன சொல்லி ஆரம்பிப்பது? அம்மா, நான் ஜெசிந்தா. இல்லை, பேர் எதற்கு அவளுக்கு. உன்மேல தப்பில்லம்மா. இல்லை, அது யாரோ நீதிபதி சொல்கிற மாதிரி இருக்கிறது. பிறன் யார் என்று கோவிலில் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேனே, இதோ ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறது. கம்பெனி என்று நினைத்த ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் யார் யார் இருந்தார்கள்? விரிசல் விட்ட சோப்புக்காக யாரை நிறுத்தினார்கள்? குடைக்கு? குக்கர் மூடிக்கு? அங்கெல்லாம் யாரும் பஸ் ஏறி வந்து எனக்குச் சொல்லவில்லை. சொல்லாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, புலிவலத்தில் நிறுத்திக்கொண்டேன்.

சுகன்யா வீடு மில்லுக்கு இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரை. அவள் வாசலுக்கு வந்தபோது முதலில் கைகளைத்தான் பார்த்தேன். மெல்லிய மாநிறக் கைகள், மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது, சோப்புப் போட்டு இழுத்துக் கழற்றியிருப்பார்கள். நான் யோசித்துவந்த வரிசை எல்லாம் போய்விட்டது. "நான் சொன்னது பொய்ம்மா" என்றேன். "மாவுல கண்ணாடி இல்ல. பச்சைன்னு சொன்னதும் பொய். உன்ன எனக்குத் தெரியாது. ஆனா உன்னத்தான் அது அடிச்சிருச்சு." மாமியார் கத்தினாள். பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். வயசுக்குத் தகுந்த வேலையா இது, உனக்குப் புள்ள குட்டி இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னேன், ஆனால் அது அவளை இன்னும் கோபப்படுத்தியது. நான் புது வளையல் வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, உன் கையால ஒன்னும் வேணாம் என்றாள். சுகன்யா மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்க்கிற மாதிரி. பூங்கோதை, நேற்று கழற்றி வாங்கிவைத்திருந்த வளையல்கள் எல்லாவற்றையும் பைக்குள்ளிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "நாளைக்கு வாடி" என்றாள். "வளையலப் போட்டுக்கிட்டே வா. மேல துணியச் சுத்திக்கலாம்." சுகன்யா அப்போதுதான் அழுதாள், பூங்கோதையின் தோளில். அங்கே எனக்கு வேலை இல்லை. கடைக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பூங்கோதை கேட்டதால், தின்பண்டக் கடை மேஜையில் உட்கார்ந்து நடந்ததை அப்படியே எழுதி, பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்து நாலாக மடித்துக்கொண்டாள். கடைக்காரங்க சில பேரு இனிமே எடுக்க மாட்டாங்க, பாப்போம் என்றாள். பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம் என்று கை காட்டினாள். இனிமேல் போன் பண்ண மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இரண்டரை மணி வெயில். நிழற்குடையில் ஒரே ஒரு பெண், கூடை நிறையக் கத்தரிக்காயோடு. நான் உட்கார்ந்ததும் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். சும்மா இருக்க முடியாத ஆள் போலிருக்கிறது. "திருச்சிக்கா? யார் வீட்டுக்கு வந்தீங்க?" என்றாள். சொந்தக்காரங்க வீட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஒரு விசேஷம் என்று சொல்லியிருந்தால் என்ன விசேஷம் என்று கேட்பாள், பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருக்கலாம், பஸ்ஸிலும் பக்கத்தில் உட்காருவாள். என் வாய்க்கு அது நன்றாகத் தெரியும். அது திறந்தும்விட்டது.

"ஒரு பொண்ணுக்கு நான் கெடுதல் பண்ணிட்டேன்" என்றேன். "அதச் சொல்லிட்டுப் போக வந்தேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூரத்தில் புழுதி தெரிந்தது, பஸ்ஸாகவும் இருக்கலாம், லாரியாகவும் இருக்கலாம். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.